கோடு, கோர்ட்டு, கோட்டை

சேலத்திலிருந்து ஆத்தூர் நோக்கிச் செல்லும் சாலையில் வாழப்பாடியைக் கடந்து போயிருக்கிறீர்களா? போயிருந்தால் இரண்டு காட்சிகளைக் கண்டிருப்பீர்கள். கிணற்றில் நீர் நிற்கும் இடத்திலே பாக்கு மரங்கள் வரிசை வரிசையாய் வானளாவி நிற்கும், தென்னை தலையசைக்கும். கிணறு வறண்ட இடத்திலே, அல்லது கிணறே இல்லாத மேட்டிலே, வானம் பார்த்த பூமி வாய் பிளந்து கிடக்கும். மழை பெய்தால் சோளமும் நிலக்கடலையும். பொய்த்தால் கல்லும் முள்ளும். ஒரே ஊர், ஒரே வானம், ஒரே சாலை. ஆயினும் வாழ்வு இரண்டு!

அந்த ஊரில் இரண்டு உழவர்களை உங்கள் மனக்கண்முன் நிறுத்துங்கள். ஒருவருக்கு நாலரை ஏக்கர், கிணற்றுப் பாசனம், பாக்கும் உண்டு, குச்சிக்கிழங்கும் உண்டு. மற்றவருக்கு ஐந்தரை ஏக்கர், அத்தனையும் மானாவாரி. இருவரும் ஒரே கூட்டுறவுக் கடன் சங்கத்தின் படியேறிப் பயிர்க்கடன் வாங்கியவர்கள். 2016 ஆம் ஆண்டு கடன் தள்ளுபடி வந்தது. நாலரை ஏக்கர்க்காரரின் கடன் கரைந்தது. ஐந்தரை ஏக்கர்க்காரரின் கடன், வட்டியோடு வளர்ந்து நின்றது!

ஏன்? 5 ஏக்கர் என்று அரசு ஒரு கோடு போட்டது. கோட்டுக்கு இப்பால் முழுத் தள்ளுபடி. கோட்டுக்கு அப்பால் முழுக் கடன். அரை ஏக்கர் புழுதிக்காடு அவருடைய கழுத்துக்குக் கயிறாயிற்று.

நெஞ்சு கொதித்தவர் என்ன சொல்வார்? "கோர்ட்டுக்குப் போகிறேன்" என்பார். நம் கிளைக் கழகத் தோழரைத் தேடி வந்து, "நல்ல வக்கீலாய்ச் சொல்லுங்கள்" என்று கேட்பார். அவருக்கு நாம் என்ன விடை தருவது? அரசு வழங்கும் உதவி மறுக்கப்பட்டால் நீதிமன்றத்தை நாடலாமா? நாடினால் எது கிடைக்கும்? எது கிடைக்காது? இதைத் தெளியாமல் மக்கள் முன் நிற்பது, துடுப்பில்லாமல் ஓடம் விடுவதற்கு ஒப்பாகும். ஆகவேதான் இந்த ஞாயிற்றுக்கிழமை அதைப் பேச எண்ணினேன்.

கதையை முதலிலிருந்து கேளுங்கள். 2016 மே 23 அன்று முதலமைச்சர் பொறுப்பேற்ற செல்வி ஜெயலலிதா, அன்றே கையொப்பமிட்ட கோப்புகளில் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடியும் ஒன்று. இரண்டரை ஏக்கர் வரை உள்ளவர் குறு விவசாயி. அதற்குமேல் 5 ஏக்கர் வரை உள்ளவர் சிறு விவசாயி. இவ்விரு வகையினருக்கே தள்ளுபடி என்றார்கள். 16.94 லட்சம் விவசாயிகள், 5,780 கோடி ரூபாய் என்று கணக்கும் தந்தார்கள். பெருந்தொகைதான்; மறுப்பாரில்லை. ஆனால் கோட்டுக்கு வெளியே நின்றவர்கள் விடவில்லை. அய்யாக்கண்ணு தலைமையிலான தேசிய தென்னிந்திய நதிகள் இணைப்பு விவசாயிகள் சங்கம், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குத் தொடுத்தது.

2017 ஆம் ஆண்டின் வேனிலை மறந்திருக்க மாட்டீர்கள். அய்யாக்கண்ணுவும் அவருடன் சென்ற உழவர்களும் டில்லி ஜந்தர் மந்தரிலே மண்டையோடுகளை ஏந்தி அமர்ந்திருந்த காலம் அது. அவர்கள் அங்கே வெயிலில் காய்ந்துகொண்டிருக்கையில், ஏப்ரல் 4 அன்று மதுரையிலே தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் நாகமுத்துவும் முரளிதரனும், வறட்சி ஏக்கர் பார்த்து வருவதில்லை. தள்ளுபடியை எல்லா விவசாயிகளுக்கும் விரிவாக்குக என்று ஆணையிட்டனர். மேலும் 3.01 லட்சம் விவசாயிகள். கூடுதல் செலவு ஏறத்தாழ 1,980 கோடி ரூபாய். சிற்றூர்களில் மகிழ்ச்சி பொங்கிற்று.

அந்த மகிழ்ச்சி நீடித்ததா? இல்லை. மாநில அரசு உச்சநீதிமன்றம் சென்றது. 2017 ஜூலையில் தீர்ப்புக்குத் தடை. நாலாண்டுகளுக்கு மேல் காத்திருப்பு. 2021 நவம்பர் 23 அன்று நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட்டும் போபண்ணாவும் அமர்ந்த ஆயம், மதுரைத் தீர்ப்பை நீக்கிவிட்டது. 5 ஏக்கர்க் கோடு செல்லும் என்று முடிந்தது!

"அநீதி!" என்று உதடு துடிக்கிறதல்லவா? துடிக்கட்டும். ஆனால் தீர்ப்பின் காரணத்தைப் படித்துவிட்டுத் துடிக்கட்டும். அந்த ஆயம் இரக்கமற்றுப் பேசவில்லை. சிறு நிலத்துக்காரர்க்குக் கைமுதல் குறைவு. ஒரு போகம் பொய்த்தால் எழுந்திருக்க முடியாது. அரசின் கருவூலமோ அளவுள்ளது. ஆகவே மிக நலிந்தவர்க்கு முதலில் கொடுப்பது அரசியல் சட்டத்தின் 14 ஆம் பிரிவு கூறும் சமத்துவத்துக்கு முரணாகாது என்றது. தேர்தல் வாக்குறுதியின் வழி வந்த திட்டம் என்பதாலேயே ஒரு திட்டம் ஐயத்துக்கு உரியதாகிவிடாது என்றும் சொல்லிற்று.

இதிலே நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு. அரசு போட்ட கோட்டுக்கும் திட்டத்தின் நோக்கத்துக்கும் அறிவுக்கொத்த தொடர்பு உண்டா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். உண்டு என்று கண்டால் அங்கேயே நின்றுவிடும். இதைவிட நல்ல கோடு போட்டிருக்கலாமே என்று நீதிபதி பென்சிலை எடுக்க மாட்டார். எடுக்கவும் கூடாது. வாக்குச் சீட்டால் வந்தவர்கள் வகுக்கவேண்டிய வரவு செலவை, வாக்குக் கேட்காதவர்கள் வகுப்பது குடியாட்சிக்குப் பொருந்தாது. நமக்குச் சாதகமான நாளில் கசக்காத இந்த நெறி, பாதகமான நாளில் மட்டும் கசக்கலாமா?

"அப்படியானால் எந்தக் கோட்டையும் நீதிமன்றம் அழித்ததில்லையா?" என்று கேட்பீர்கள். அழித்திருக்கிறது! நகாரா வழக்கைக் கேளுங்கள். மத்திய அரசு ஊழியர்களின் ஓய்வூதியக் கணக்கைத் தாராளமாக்கினார்கள். ஆனால் 1979 மார்ச் 31 என்று ஒரு தேதி குறித்தார்கள். அந்த நாளிலோ அதன் பின்னரோ ஓய்வு பெற்றவர்க்கு உயர்ந்த தொகை. முந்தின நாள் ஓய்வு பெற்றவர்க்குப் பழைய தொகை. அதே மேசை, அதே வேலை, அதே மூப்பு; ஒரே ஒரு நாள் வேற்றுமை! 1982 டிசம்பர் 17 அன்று உச்சநீதிமன்றம் அந்தத் தேதிக் கோட்டைத் துடைத்தெறிந்தது. முதுமையில் மானத்தோடு வாழச் செய்வதே ஓய்வூதியத்தின் நோக்கம் என்றால், ஒருநாள் முன்னே ஓய்வு பெற்றவருக்கு மட்டும் மானம் மலிவா என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். ஓய்வூதியம் அரசு இடும் பிச்சையன்று, உழைத்தவரின் உரிமை என்று 1971 ஆம் ஆண்டிலேயே பீகாரின் தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் சொல்லப்பட்டுவிட்டது.

ஒரு விந்தையையும் இங்கே குறிப்பிடலாம். 1982 இல் கோட்டை அழித்த ஆயத்துக்குத் தலைமை தாங்கியவர் ஒய்.வி. சந்திரசூட். 2021 இல் கோட்டை நிலைநிறுத்திய தீர்ப்பை எழுதியவர் அவருடைய மைந்தர். தந்தை ஒரு நெறி, தனயன் ஒரு நெறி என்று எண்ணிவிடாதீர்கள். நெறி ஒன்றே. தேதிக்கும் முதுமைக்கும் தொடர்பில்லை; கோடு அழிந்தது. நிலத்தின் அளவுக்கும் நலிவுக்கும் ஓரளவு தொடர்புண்டு, கோடு நின்றது. ஓரளவுதான், முழு அளவு இல்லை. அந்தக் குறையிலேதான் நம் ஐந்தரை ஏக்கர்க்காரர் நசுங்குகிறார். அதற்குப் பிறகு வருவேன்.

இப்பொழுது வேறொரு முகத்தைப் பாருங்கள். நம்மூரில் ஒரு மூதாட்டி. கணவர் இல்லை, நிலம் இல்லை, கண்பார்வை மங்கல். முதியோர் உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. இந்த உதவி நம் மாநிலத்தில் 1962 இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிற்று. 2011 இல் 1,000 ரூபாய் ஆயிற்று. 2023 இல் 1,200 ரூபாய் ஆயிற்று. ஒரு மாதம் பணம் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. பஸ் பிடித்துத் தாலுகா ஆபீசுக்குப் போனால், "பெயரை எடுத்தாயிற்று, பாட்டி! உங்களுக்கு மகன் இருக்கிறானாமே" என்கிறார்கள். மகன் பெயருக்கு இருக்கிறான். திருப்பூருக்குப் போய்ப் பல ஆண்டாயிற்று. சோறு போடுகிறானா என்று எவரும் கேட்கவில்லை. முன்னறிவிப்பு இல்லை, விசாரணை இல்லை, காகிதம் இல்லை.

இந்த மூதாட்டியின் வழக்கும் அந்த உழவரின் வழக்கும் ஒன்றா? இல்லவே இல்லை! உழவர் கேட்டது கோட்டை மாற்றச் சொல்லி. மூதாட்டியோ கோட்டுக்கு உள்ளேயே நிற்பவள்; ஒரு பேனா அவளை வெளியே தள்ளிவிட்டது. இங்கேதான் நீதிமன்றத்தின் கரம் நீளும். அரசியல் சட்டத்தின் 226 ஆம் பிரிவின்படி உயர்நீதிமன்றம் அந்த ஆணையைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். முறை தவறியிருந்தால் நீக்கலாம். கடமையைச் செய் என்று அதிகாரிக்கு நீதிப்பேராணை பிறப்பிக்கலாம். இரக்கம் காட்டுங்கள் என்று அவள் கெஞ்சவேண்டுவதில்லை. "என்னைக் கேட்காமல் எப்படி முடிவு செய்தீர்?" என்ற ஒரு கேள்வி போதும்.

அந்தக் கேள்வி தமிழனுக்குப் புதிதா? மதுரை அரண்மனை வாயிலிலே தலைவிரி கோலமாய் நின்ற கண்ணகி கேட்டது வேறென்ன? சிலப்பதிகாரம் காட்டும் பாண்டியன் கொடியவன் அல்லன். பொற்கொல்லன் சொல்லை நம்பினான். கோவலனை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவ்வளவே அவன் குற்றம். கேட்காமல் இட்ட ஆணை ஒரு குடியை அழித்தது, ஒரு கோவை அழித்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். அவையிலே கண்ணகி வென்றது கண்ணீரால் அன்று, சான்றால்! அரசியின் சிலம்பில் முத்து. என் சிலம்பில் மாணிக்கம். உடைத்துப் பார் என்றாள். உடைந்தது சிலம்பு, தெறித்தது உண்மை. ஆயினும் கோவலன் திரும்பி வரவில்லை. வெட்டியபின் விசாரித்துப் பயன் என்ன?

இதே கேள்வியை 1970 ஆம் ஆண்டு அமெரிக்காவும் கேட்டது. நியூயார்க் நகரிலே ஏழைகளுக்கான உதவிப் பணத்தை முதலில் நிறுத்துவார்கள். நேரில் விசாரிப்பது பிறகுதான். கெல்லி என்பவரும் அவர் போன்ற ஏழைகளும் வழக்குத் தொடுத்தனர். மார்ச் 23 அன்று, நீதிபதி பிரென்னன் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு சொல்லிற்று: நிறுத்துவதற்கு முன்பே கேள்! அந்தப் பணத்தால் உயிர் வாழ்கிறவன், விசாரணை முடியும்வரை எதை உண்பான்? கோடீசுவரர்களின் நாடு என்று நாம் எண்ணும் நாட்டிலேயே, ஏழையின் உதவிப் பணம் அருட்கொடையன்று, சொத்துப் போன்றதோர் உரிமை என்ற கருத்து அன்று அரியணை ஏறிற்று. ஆறாண்டுகள் கழித்து, உடல் ஊனமுற்றோர் உதவி பற்றிய வழக்கில் அதே நீதிமன்றம் அந்த நெறியைச் சற்றே சுருக்கிக்கொண்டதும் உண்மை. உரிமை ஒருமுறை வென்றால் உறங்கலாம் என்று எந்த நாட்டிலும் எழுதி வைக்கவில்லை.

ஆகவே தோழர்களே, மூதாட்டி நம் வாயிலுக்கு வரும்போது, "பார்த்துக்கொள்ளலாம் பாட்டி" என்று சொல்லி அனுப்பாதீர்கள். சிலம்பை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்! அவளுடைய சிலம்பு எது? காகிதம்!

முதலில், எதையும் எழுத்தில் கொடுங்கள். தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வாயால் கேட்டதற்கு வாயால் வந்த மறுப்பை எந்த நீதிபதியும் எடுத்துப் பார்க்க இயலாது. பெயரை நீக்கிய ஆணையின் நகலைக் கேளுங்கள். தர மறுத்தால் 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கோப்பிலே யார், எந்த நாளில், என்ன எழுதினார் என்பதைக் கேட்டு வாங்குங்கள். காரணம் சொல்லாத ஆணை, கால் இல்லாத நாற்காலி; தொட்டால் விழும்.

அடுத்து, மேலதிகாரிக்கு முறையீடு செய்யுங்கள். அந்த வழி இருக்கையில் நேரே வந்தது ஏன் என்று உயர்நீதிமன்றம் கேட்கும். முறையீட்டுக்கும் விடை இல்லையெனில் அதுவே உங்கள் வழக்குக்கு வலுவாகும். ஆண்டுக்கணக்கில் உறங்கிவிட்டு விழிக்காதீர்கள். தாமதம் நல்ல வழக்கையும் நஞ்சாக்கும்.

அதன்பின், பணத்துக்கு அஞ்சாதீர்கள். சேலம் மாவட்டத்து வழக்கு மதுரைக் கிளைக்குப் போவதில்லை, சென்னைக்குத்தான் போகும். வாழப்பாடியிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர். கூலிக்காரக் குடும்பத்துக்கு அது கடல் கடந்த தூரம். ஆனால் 1987 இல் இயற்றப்பட்டு 1995 இல் நடைமுறைக்கு வந்த சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இலவச வழக்கறிஞரைத் தருகிறது. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பாராமலே உண்டு. வட்டத்திலும் மாவட்டத்திலும் அதற்கான குழுக்கள் உள்ளன. உயர்நீதிமன்றத்துக்கெனத் தனிக் குழுவும் உண்டு. மூதாட்டியைக் கைப்பிடித்து அந்த வாயில்வரை அழைத்துச் செல்லும் பணி எவருடையது? மேடையில் முழங்குவோர்க்கு அது சிறிய பணியாய்த் தோன்றலாம். கட்சிக்கு வேர் பிடிப்பது அந்தச் சிறிய பணியிலேதான்.

ஒரு மெய்யையும் மறைக்காமல் அவளிடம் சொல்லிவிடுங்கள். வழக்கில் வென்றால் நீதிபதி கையிலிருந்தே பணம் வந்துவிடாது. பெரும்பாலும், "இத்தனை வாரத்துக்குள் இவருடைய மனுவை முறைப்படி ஆராய்ந்து முடிவு செய்க" என்று அதிகாரிக்கு ஆணை பிறக்கும். வழக்கு மீண்டும் அதே மேசைக்குத்தான் திரும்பும். அப்பொழுதும் நாம் அவள் பக்கத்தில் நிற்கவேண்டும். கெடு தவறினால் நீதிமன்றத்துக்கு மீண்டும் செல்லவேண்டும்.

சரி, ஐந்தரை ஏக்கர்க்காரரை மறந்துவிட்டோமா? மறக்கவில்லை. கோர்ட்டின் கதவு அவருக்குச் சாத்தப்பட்டது. கோட்டையின் கதவு?

கோட்டை என்றால் செயின்ட் ஜார்ஜ் கோட்டை; சட்டங்களும் திட்டங்களும் பிறக்கும் இடம். கோடு போட்டது கோட்டை. அதை நேர்செய்யவேண்டியதும் கோட்டையே. அங்கே நாம் வெறும் ஆத்திரத்தோடு போகவேண்டியதில்லை, அறிவோடு போகலாம். 2008 ஆம் ஆண்டு மத்திய அரசின் கடன் தள்ளுபடித் திட்டத்தைப் பாருங்கள். 2 ஹெக்டேர் வரை, அதாவது ஏறத்தாழ 5 ஏக்கர் வரை, முழுத் தள்ளுபடி. அதற்கு மேற்பட்டவர்க்கு? முக்கால் பங்கைக் கட்டினால் கால் பங்கு தள்ளுபடி. வறட்சிக்கு உரியவை எனக் குறித்த மாவட்டங்களில் அந்தக் கால் பங்கு அல்லது 20,000 ரூபாய், இவற்றுள் எது கூடுதலோ அது. அங்கே கோட்டுக்கு அப்பால் பாதாளம் இல்லை, சரிவு இருந்தது. சரிவிலே மனிதன் கால் ஊன்றலாம். பாதாளத்திலே விழத்தான் முடியும்.

நம் மாநிலச் சட்டத்திலேயே அதைவிட நல்ல அளவுகோல் உண்டு. 1961 ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம் குடும்பத்துக்கு 30 ஏக்கர் என்று வரம்பு கட்டிற்று. 1970 இல் அது 15 ஆகக் குறைந்தது. எந்த ஏக்கர்? தர ஏக்கர்! நன்செய் ஏக்கருக்கும் புன்செய் ஏக்கருக்கும் ஒரே மதிப்புப் போடாமல், நிலத்தின் தன்மையையும் தீர்வையையும் பார்த்து அளந்தார்கள். உள்ளவனிடமிருந்து நிலத்தை எடுக்கும்போது இவ்வளவு நுட்பமாய் அளக்கத் தெரிந்த அரசுக்கு, இல்லாதவனுக்கு உதவி கொடுக்கும்போது மட்டும் அளவுகோல் மழுங்கிப்போவானேன்? பாக்குத் தோப்பின் ஏக்கரும் புழுதிக்காட்டின் ஏக்கரும் ஒன்றல்ல என்பது வாழப்பாடிச் சிறுவனுக்கும் தெரியுமே!

கோட்டை மனம் வைத்தால் கோடு அழியும் என்பதற்குச் சான்றும் இருக்கிறது. உச்சநீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தபோதே, 2021 பிப்ரவரி 5 அன்று, அதே சேலம் மாவட்டத்து எடப்பாடியைச் சேர்ந்த அன்றைய முதலமைச்சர் பழனிசாமி, கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். 16.43 லட்சம் விவசாயிகள் பயனடைவர் என்றார். 5 ஏக்கர்க் கோடு அந்த அறிவிப்பில் இல்லை! எந்தக் கோட்டைக் காக்க டில்லிவரை அரசு வழக்காடிக்கொண்டிருந்ததோ, அந்தக் கோடு ஓர் அறிவிப்பிலே மறைந்தது. சரியாக 21 நாள் கழித்துத் தேர்தல் தேதி வெளியாயிற்று. இதன் பொருளை நான் விளக்கவும் வேண்டுமா?

விளக்கவேண்டியது ஒன்றுதான். தேர்தல் மணி அடிக்கும்போது மட்டும் திறக்கும் கதவு, உழவனின் உரிமையைக் காக்காது. 2016 இல் விழுந்தவன் 2021 வரை காத்திருக்க வட்டி இடம் தருமா? ஆகவே தள்ளுபடி என்ற மழையை எதிர்பார்த்து நிற்காமல், அளவுகோலையே சட்டமாக்கக் கேட்போம். நிலத்தின் தரம் பார், கோட்டுக்குப் பதில் சரிவு வை, மறுக்கப்பட்டவனுக்குக் காரணம் எழுதிக் கொடு, நிறுத்துமுன் கேள். இந்த நான்கும் கோடிகளைக் கொட்டும் கோரிக்கைகள் அல்ல. ஆள்வோர் எவராயினும், நாமே ஆயினும், கட்டுப்படவேண்டிய ஒழுங்கு இது. நாளை நம் கையில் பேனா வரும்போது அதுவும் ஒரு மூதாட்டியின் பெயரை அடித்துவிடலாம் என்பதை மறவாதீர்கள்.

தோழர்களே! அடுத்த வாரம் உங்கள் ஊரில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். உதவி நிறுத்தப்பட்டவர், மறுக்கப்பட்டவர் பெயர்களை வீடு வீடாய்ச் சென்று எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கேள்வி எழுதுங்கள்: இவரை வெளியே தள்ளியது பேனாவா, கோடா? பேனா எனில், காகிதங்களைச் சேர்த்துக்கொண்டு சட்டப் பணிகள் குழுவுக்கு அழைத்துச் செல்லுங்கள். கோடு எனில், அந்தப் பெயரைத் தனியே குறித்து வையுங்கள். கோட்டைக்கு நாம் எடுத்துச் செல்லப்போகும் மனுவின் முதல் வரி அதுதான்.

ஐந்தரை ஏக்கர்க்காரர் வந்தால் அவரிடமும் உண்மையைச் சொல்லுங்கள். "ஐயா, உங்கள் வழக்கு தோற்றது, உங்கள் வாதம் தோற்கவில்லை. அதைப் பேசவேண்டிய இடம் வேறு. வாருங்கள், சேர்ந்தே போவோம்!"